பதினாலாம் பிராயத்துக்கு ஒரு புத்தகம்

நைனிச் சிறைச்சாலையின் மதில்களுக்குள் இருந்துகொண்டு, மகளின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு என்ன அனுப்புவது என்று யோசித்த ஒரு தகப்பனார், கடையில் வாங்கத்தக்க பொருள் எதையும் அனுப்ப வகையில்லாத நிலையில், 1930ஆம் வருஷம் அக்டோபர் 26ஆம் தேதி ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். அந்தக் கடிதம் அன்றோடு நிற்காமல், இடையில் விடுதலையும் மறுபடி கைதும் குறுக்கிட்டும் தளராமல், 1933 ஆகஸ்டு வரையில் நீண்டு, ஏறக்குறைய இருநூறு கடிதங்களாகப் பெருகி, மறு வருஷம் புத்தகமாக வெளிவந்தது. ஜவாஹர்லால் நேரு இந்திராவுக்கு எழுதிய அந்தக் கடிதங்களை ஓ. வி. அளகேசனின் மொழிபெயர்ப்பில் 'உலக சரித்திரம்' என்ற பெயரால் தமிழர்களும் படித்திருக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் நூலகம் இல்லாமல், குறிப்பேடுகளையும் ஞாபகத்தையும் நம்பி எழுதப்பட்ட அந்தச் சரித்திரத்தில் இன்றைய ஆராய்ச்சியாளர் குறை காணலாம். எனக்கு அதில் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று: பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எழுதுகிறோமே என்று அவர் எந்த இடத்திலும் குரலைக் குழைத்துக்கொள்ளவில்லை. சாம்ராஜ்யங்கள் எழுந்ததையும் சரிந்ததையும், பஞ்சங்களையும் புரட்சிகளையும், தம் காலத்து உலகத்தைப் பீடித்திருந்த பொருளாதார நெருக்கடியையும், சமானமான ஒருவரோடு சம்பாஷிப்பது போலவே சொல்லிக்கொண்டு போகிறார். இதையெல்லாம் அறிந்துகொள்ளும் தகுதி உனக்கு உண்டு என்று அவர் வாய்விட்டுச் சொல்லாமலே அந்தக் குழந்தைக்கு விளங்கியிருக்கும்.

புத்தகத்தைப் பரிசாகத் தருகிறவர்களில் பெரும்பாலோர் புத்தகத்தின் யோக்கியதையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நல்ல நூலா, பேர்பெற்ற ஆசிரியரா, உயர்ந்த கருத்துகள் உண்டா, கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறார்கள். அவ்வளவு பார்ப்பதும் நன்றுதான். ஆனால் பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட பிராயத்தில் இருக்கிறவர்கள், அந்தப் பொட்டலத்தைப் பிரித்ததும், தலைப்பை முழுக்கப் படிக்கு முன்பே, தந்தவர் தங்களை யாரென்று எண்ணித் தந்தார் என்பதைப் படித்துவிடுகிறார்கள். புத்தகப் பரிசைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நிற்கிறது.

அந்தப் பிராயத்தின் சங்கடம் பெரியவர்களுக்கு எளிதில் மறந்துபோகிறது. "இவ்வளவு பெரிய பிள்ளை, இதுகூடத் தெரியாதா?" என்று காலையில் கேட்ட அதே வாய், "பெரியவங்க பேசுறப்போ நீ சும்மா இரு" என்று மாலையில் அதட்டுகிறது. கலியாண வீட்டில் சிறு பிள்ளைகளோடு ஓடித் திரியவும் கூசுகிறது, பெரியவர்கள் கூட்டத்தில் போய் உட்காரவும் இடமில்லை. தான் யார் என்று தனக்கே நிச்சயமாகத் தெரியாத அந்தக் காலத்தில், பிறர் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் அபிப்பிராயத்தை ஒவ்வொரு சொல்லிலும் செயலிலும் தேடிப் பார்ப்பது இயல்பு. ஒரு சட்டையோ கைக்கடிகாரமோ அந்த அபிப்பிராயத்தை அதிகம் வெளிப்படுத்துவதில்லை. அளவு சரியாக இருந்தால் போதும். புத்தகமோ தன் பொருளாலேயே பேசுவது. தேர்வில் வெற்றி பெறும் வழிகள், ஞாபக சக்தியை வளர்க்கும் பயிற்சிகள், நேரத்தை வீணாக்காமல் இருக்கும் உபாயங்கள் என்று தலைப்பிட்டு அடுக்கடுக்காக வரும் நூல்களில் ஒன்றை, பிறந்தநாளன்று, பிரியத்தோடுதான், கையில் கொடுக்கும்போது, உன் மதிப்பெண் போதவில்லை, உன் ஞாபகம் போதவில்லை, நீ நேரத்தை வீணாக்குகிறாய் என்று மூன்று குற்றச்சாட்டுகளைப் பளபளப்பான காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததாக அந்தப் பிள்ளைக்குப் படுமானால், அதன்மேல் பிழை சொல்ல என்னால் முடியாது.

பள்ளிக்கூடங்களின் பரிசளிப்பு விழாக்களிலும் நிலைமை அதிகம் மாறுபட்டதன்று. மொத்தமாக வாங்கினால் கழிவு கூடுதல் என்பதால் ஒரே நூலின் பிரதிகளைக் கட்டுக் கட்டாக வரவழைத்து, முத்திரை குத்தி, ஓட்டப் பந்தயத்தில் முதலாவது வந்தவனுக்கும் கோலப் போட்டியில் இரண்டாவது வந்தவளுக்கும் அதையே கொடுத்து அனுப்புகிறோம். மு. வரதராசனார் தெளிவுரையோடு கூடிய கையடக்கத் திருக்குறள் தமிழ்நாட்டு மேடைகளில் இப்படி வழங்கப்பட்டு எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தச் சிறு புத்தகம் செய்த உபகாரம் பெரியது, அதைக் குறைத்துப் பேசுவது என் கருத்தன்று. ஆயினும் ஒரே மாணவன் மூன்று வருஷங்களில் மூன்று திருக்குறள் பெற்று வீடு திரும்பும்போது, மேடையில் தன் பெயரைக் கூப்பிட்டவர்கள் தன்னைக் கவனித்துக் கூப்பிடவில்லை என்பதை அவன் உணராமல் இருக்க மாட்டான். பரிசுக்குரிய தொகையை முன்கூட்டியே சொல்லி, வென்றவர்களைப் பக்கத்துப் புத்தகக் கடைக்கு ஓர் ஆசிரியரோடு அனுப்பி, அவரவர் விரும்பியதை எடுத்துவரச் செய்து, அதையே மேடையில் கொடுப்பதற்கு எந்தப் பள்ளிக்கும் அதிகச் செலவு பிடிக்காது. கொஞ்சம் சிரமம் மட்டும் உண்டு.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' என்ற சிறுகதையைப் படித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே விளங்கும். அவர் காலமான 1970ஆம் வருஷத்திலேயே சாகித்திய அக்காதெமியின் பரிசைப் பெற்ற தொகுதிக்கும் அந்தக் கதையின் பெயர்தான். அண்டை அயல் குழந்தைகளுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுக்கும் பிரியமான ஒரு மனிதர், ஒருமுறை இரண்டு குழந்தைகளுக்கு மாத்திரம் டைரி கொடுத்துவிடுகிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் அழவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. அவரை வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், உபசரித்து, தானே தேடி வைத்திருந்த டைரி ஒன்றை அவர் முன் நீட்டி, அதில் தன் பெயரைப் போட்டு, பிரியத்தோடு கொடுத்ததாக எழுதித் தரும்படி கேட்கிறான். கதை அங்கே முடிகிறது. அவனுக்கு டைரிக்குப் பஞ்சமில்லை. அவருடைய கையெழுத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பதே அவன் வேண்டுதல். அவன் பதின்பருவத்தை எட்டாத சிறுவன். நாலைந்து வயது கூடினவனாக இருந்தால் வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டான், மனத்துக்குள் வைத்துக்கொண்டிருப்பான் என்பதுதான் வித்தியாசம்.

இனி எதைக் கொடுப்பது என்ற கேள்வி. தமிழில் இந்தப் பிராயத்தினருக்கென்றே எழுதப்பட்ட நூல்கள் நெடுங்காலமாகக் குறைவு. பாட்டும் கதையும் விளையாட்டும் கலந்து குழந்தைகளுக்கு எழுத அழ. வள்ளியப்பா, வாண்டுமாமா, பூவண்ணன் போன்றவர்கள் இருந்தார்கள். 1947இல் தோன்றிய 'அம்புலிமாமா'வும் 1972இல் தோன்றிய 'கோகுல'மும் இருந்தன. அதே 1972இல் இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்ட முத்து காமிக்ஸ், பெற்றோரின் கண்ணுக்குத் தப்பிப் பாடப் புத்தகங்களுக்கு நடுவே வாசம் செய்தது. இந்தக் கரையிலிருந்து பெரியவர்களின் இலக்கியம் என்ற அந்தக் கரைக்குப் போகப் பாலம் கிடையாது. தாவித்தான் ஆக வேண்டும். அப்படித் தாவினவர்களில் மிகப் பெரும்பாலோரைத் தாங்கிப் பிடித்தவர் கல்கி. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையோடு குதிரையில் வருகிற வந்தியத்தேவனைப் பின்தொடர்ந்து புறப்பட்ட எத்தனை பையன்களும் பெண்களும் அப்புறம் வாசிப்பை விடாமலே ஆயுளைக் கழித்தார்கள் என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் அறியும்.

ஆனால் 'பொன்னியின் செல்வ'னைக் கொடுக்கும் முறையில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஐந்து பாகங்களையும் ஒரு பெட்டியில் போட்டு, செங்கல் கட்டுப் போல, பதின்மூன்று வயதுக் குழந்தையின் மடியில் வைக்கக் கூடாது. 1950இல் தொடங்கிச் சுமார் மூன்றரை வருஷ காலம் வாரந்தோறும் பத்திரிகையில் வந்த கதை அது. அடுத்த இதழுக்காக ஊரே காத்திருக்கும்படி ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரு முடிச்சில் நிறுத்தும் சாமர்த்தியத்தோடு எழுதப்பட்டது. காத்திருப்பதே அதன் சுவையில் பாதி. ஆகையால் 'புது வெள்ள'த்தை மாத்திரம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். 'சுழற்காற்று' வேண்டும் என்று அந்தப் பிள்ளையே வந்து கேட்டால் அது பெரிய வெற்றி. கேட்காவிட்டால் அந்தக் கதை அதற்குரியதல்ல என்று தெரிந்துகொண்டு, ஐந்து பாகங்களின் விலையை இழக்காமல் ஒரு பாகத்தோடு தப்பினோம் என்று வேறொன்றைத் தேடலாம்.

இங்கிலீஷ் மூலமாகவே பாடங்களைப் படிக்கும் பிள்ளைகளின் சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழைச் சரளமாகப் பேசுகிறார்கள், எழுத்தும் தெரியும், ஆனால் ஒரு பக்கத்தைக் கடப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. இதை அவமானமாக்கிப் பேசுகிற உறவினர்கள் அந்தக் குழந்தைக்கும் தமிழுக்கும் ஒருசேரத் தீங்கு செய்கிறார்கள். இத்தகையோருக்கு நாவலை விட்டுச் சிறுகதைக்குப் போவதே உசிதம். தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போவதையும், அந்தக் கதவே விளையாட்டுச் சாமானாக இருந்த குழந்தைகள் அதைத் தேடிக் கண்டு தடவுவதையும் சொல்லும் கி. ராஜநாராயணனின் 'கதவு', சில பக்கங்களில் முடிந்துவிடும். படித்து முடித்த பிள்ளை நெடுநேரம் பேசாமல் இருக்கும். கரிசல் பேச்சில் ஒன்றிரண்டு சொற்கள் விளங்காமல் போகலாம். அவற்றைக் கேட்க ஒரு பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் அதைவிடப் பாக்கியம் வேறில்லை; இல்லாவிட்டாலும், கி. ரா. அந்தச் சொற்களுக்காக ஓர் அகராதியே தொகுத்து வைத்துப் போயிருக்கிறார். தமிழே வேண்டாம், இங்கிலீஷ் புத்தகந்தான் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இங்கிலீஷ் புத்தகத்தையே மனமாரக் கொடுப்பது நல்லது. வாசிப்பவன் எந்த மொழியில் வாசித்தாலும் வாசகனே.

சென்னையில் 1977இலிருந்து நடந்து வருகிற புத்தகக் காட்சியில், நந்தனம் மைதானத்துக் கொட்டகை ஒன்றில் பொங்கலை ஒட்டிய ஒரு மாலை கண்ட காட்சி என் ஞாபகத்தில் தங்கியிருக்கிறது. பதினான்கு, பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கீழ்த்தட்டுக்கு எதிரே தரையில் குந்தி உட்கார்ந்து, தாண்டிப் போகிறவர்களின் கால்கள் உரசுவதையும் பொருட்படுத்தாமல், மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளிலும் பைகளோடு தகப்பனார் வந்து நின்றார்.

"இது வேணும்ப்பா."

"பறவையைப் பத்தியா? இப்ப எதுக்கும்மா இது? பரிட்சை முடியட்டும், அப்புறமா வாங்கிக்கலாம்."

கல்லாவில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "பாப்பா அரை மணியா அதைத்தான் சார் படிச்சுக்கிட்டிருக்கு, பத்துப் பர்சன்ட் போக மிச்சம் கொஞ்சந்தான் ஆகும்" என்றார். தகப்பனார் சிரித்தபடி தலையை அசைத்துவிட்டுப் பொது அறிவு வினா-விடைப் புத்தகம் ஒன்றுக்குப் பணம் கொடுத்தார். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்த இடத்திலேயே புத்தகத்தைச் செருகி, அதன் முதுகு பக்கத்துப் புத்தகங்களோடு ஒரே வரிசையில் நிற்கும்படி விரலால் தள்ளிச் சரிசெய்துவிட்டு எழுந்து போனாள். அந்த மனிதரிடம் மகள்மேல் பிரியம் குறைவு என்று நான் எண்ணவில்லை. வேலை முடிந்த களைப்போடு கூட்டத்தில் இடிபட்டு அவளுக்காகத்தான் வந்திருந்தார். படிப்புக்குத் துணை செய்வதே புத்தகம், மற்றவை ஓய்ந்த காலத்துக்கு என்று நம் குடும்பங்களில் வேரோடியிருக்கும் எண்ணம் அவரைக் கையைப் பிடித்து நிறுத்தியது. குயிலின் மேல் பதினாலு வயதில் உண்டாகிற ஆசை, பரீட்சைகள் எல்லாம் முடிகிற வரையில் அதே இடத்தில் நின்று காத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பெரியவர்களைத் தடுக்கும் மற்றொரு பயம், வயதுக்கு மிஞ்சிய விஷயங்களைப் பற்றியது. மரணம், காமம், சாதி, கொடுமை இவற்றைப் பற்றிய சேதி பிள்ளைகளின் கைப்பேசிக்குள் நாள்தோறும் வந்துகொண்டிருக்க, இலக்கியத்தின் வாசலை மட்டும் அடைத்து வைப்பதில் பயன் இல்லை. செய்தியாகவும் கேலியாகவும் சிதறி வருவதை, மனிதத் துயரமாக, காரணத்தோடும் விளைவோடும், கண்ணியமாகச் சொல்வது இலக்கியம் ஒன்றுதான். பருவம் எய்தும் தறுவாயில் தாயின் ஒரு சொல்லுக்காக ஏங்கி, அந்தச் சொல்லாலேயே காயப்படும் சிறுமியின் மனத்தைச் சொல்லும் அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையைப் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு தாயார் தயங்கினால், முதலில் தாமே படித்துவிட்டுப் பிறகு கொடுங்கள் என்பேன். இருவரும் பேசிக்கொள்ள நெடுங்காலமாகக் காத்திருந்த விஷயம் அதில் கிடைக்கும். ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த காலத்துச் செகந்திராபாத்தில், கிரிக்கெட்டும் சைக்கிளும் கல்லூரியுமாகத் திரிந்த சந்திரசேகரன் என்ற இளைஞனை, கலவரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூழ்வதை அசோகமித்திரன் '18வது அட்சக்கோடு' நாவலில் எழுதியிருக்கிறார். கடைசியில், அஞ்சி நடுங்கும் ஒரு குடும்பத்தின் எதிரே நிற்க நேர்ந்து, அவன் அடைகிற அவமானம், பதினேழு வயதில் அதைப் படிக்கிறவனைச் சும்மா விடாது. மதக் கலவரத்தைப் பற்றி ஆயிரம் உபதேசங்கள் செய்ய முடியாததை அந்தச் சில பக்கங்கள் செய்கின்றன.

புத்தகம் என்றாலே பத்தடி விலகும் பையன்களும் உண்டு. அவர்களுக்கு நான் நினைப்பது சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. தகப்பனைக் கொன்ற காளையைத் தேடி வந்து ஜல்லிக்கட்டுத் திட்டியின் முன் நிற்கும் பிச்சியின் கதை. ஒரே மாலையில் முடிந்துவிடும். மண்ணின் புழுதி மூக்கில் ஏறும். தாம் நடத்திய 'எழுத்து' பிரசுரத்தின் புத்தகங்களை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் மாணவர்கள் கையில் சேர்ப்பித்தவர் செல்லப்பா. இளைஞர்கள் படிக்க வேண்டும் என்று வாயளவில் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவரல்லர் அவர்.

எல்லோருக்கும் பொருந்துகிற பட்டியல் ஒன்று கேட்பவர்களுக்கு நான் கும்பகோணத்தைக் காட்டுவேன். டவுன் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த ராமானுஜன் என்ற மாணவனுக்குப் பதினைந்து, பதினாறு வயதில், 1903ஆம் வருஷ வாக்கில், கல்லூரி நூலகத்திலிருந்து இரவலாகக் கிடைத்த புத்தகம் கார் என்ற இங்கிலீஷ்காரர் தொகுத்த கணிதச் சூத்திரத் திரட்டு. கதையும் இல்லை, விளக்கமும் இல்லை. பரீட்சைக்குத் தயார் செய்யும் மாணவர்களுக்காக ஆயிரக்கணக்கான தேற்றங்களைப் பெரும்பாலும் நிரூபணமின்றி வரிசையாக அடுக்கிய வறண்ட நூல். பிறந்தநாளுக்கு இதைத் தேர்ந்தெடுக்க எந்த மாமாவுக்கும் தோன்றியிராது. அந்த வறட்சியே ராமானுஜனுக்கு விருந்தாயிற்று. விட்டுப்போன நிரூபணங்களைத் தாமே கண்டுபிடிக்கத் தொடங்கினார். கணிதத்தில் அமிழ்ந்து மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கல்லூரித் தேர்வில் தோற்று, உபகாரச் சம்பளத்தையும் இழந்தார் என்பதும் அதே சரித்திரத்தின் பகுதி. ஒரு பிள்ளைக்குச் சரியான புத்தகம் கிடைப்பது குடும்பத்துக்கு எப்போதும் சௌகரியமான சம்பவமாக இருக்காது. அந்த ராமானுஜனின் வாழ்க்கையைப் பிற்காலத்தில் ஒரு நூலாக எழுதினவர், சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராகத் தொடங்கிச் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆன எஸ். ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வகுத்த நூலகத்துறையின் ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூலைச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரைத் தேடித் தர வேண்டும் என்பது மூன்றாவது. பரிசு வாங்கப் போகிறவர் இந்த இரண்டையும் மனத்தில் கொண்டால் போதும். நாம் வழக்கமாகச் செய்வது மூன்றாவது விதியை மட்டும். நமக்குப் பிடித்த நூலுக்கு ஆள் தேடுகிறோம்.

ஆளுக்கு நூல் தேடினவர் ஒருவரைப் பறவை ஆராய்ச்சியாளர் ஸலீம் அலியின் சுயசரிதையில் பார்க்கலாம். விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டுவிட்டு, அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு, அது என்ன ஜாதி என்று தெரிந்துகொள்ள, மாமாவின் யோசனைப்படி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினான் அந்தச் சிறுவன். இது 1908ஆம் வருஷ வாக்கில். உள்ளே இருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரத் துரை, சின்னப் பையன் என்று விரட்டாமல், பாடம் செய்து வைத்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டி, படிக்கப் பறவைகளைப் பற்றிய புத்தகங்களும் கொடுத்தார். கேள்வி முதலில் பையனிடமிருந்து வந்தது. புத்தகம் பிறகு வந்தது. பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் நமக்கு எப்போதும் வாய்ச்சொல்லாக வருவதில்லை. பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுத் திட்டு வாங்குகிறவன் கேட்பதும் கேள்விதான். கோயில் தூணில் உள்ள சிற்பத்தின் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே பின்தங்கி நிற்பவள் கேட்பதும் அதுதான். ஒரு மாசம் இதைக் கவனித்துவிட்டுக் கடைக்குப் போனால், கடைக்காரரிடம் கேட்க வேண்டியது நமக்குத் தெரிந்திருக்கும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாஸ்கோவிலிருந்து புத்தகங்கள் வந்தன. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் ஊர் ஊராக நடத்திய கண்காட்சிகளில், கெட்டி அட்டையும் நேர்த்தியான அச்சும் கொண்ட நூல்கள், பிள்ளைகள் உண்டியல் காசில் வாங்கத்தக்க விலைக்குக் கிடைத்தன. மலைச்சரிவில் கைவிடப்பட்ட குதிரை லாயத்தைத் தன் கையாலேயே செப்பனிட்டுப் பள்ளிக்கூடமாக்கும் இளைஞனையும், அங்கே எழுத்தறிந்த அநாதைப் பெண்ணையும் பற்றிய ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'; விமானம் விழுந்து, பனிக்காட்டில் ஊர்ந்து, இரு கால்களையும் இழந்து, மறுபடி விமானம் ஓட்டின வீரனைப் பற்றிப் பொலெவோய் எழுதி, பூ. சோமசுந்தரம் தமிழாக்கிய 'உண்மை மனிதனின் கதை'; அன்றாடப் பொருள்களைக் கொண்டே பௌதிகத்தை விளக்கின பெரல்மான் நூல் என இவற்றால் வளர்ந்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் நம்மிடையே இருக்கிறார்கள். அரசியல் காரணத்துக்காகவே அவை மலிவாக வந்தன என்பது வாஸ்தவந்தான். 1991இல் சோவியத் நாடு கலைந்ததும் வரத்து நின்றது. ஆனால் நல்ல தாளில், பிழையில்லாத அச்சில், ஒரு பள்ளி மாணவன் தானே வாங்கக் கூடிய விலையில் புத்தகம் கிடைத்தால் அவன் வாங்குகிறான் என்பதை அந்தக் காலம் நிரூபித்துக் காட்டியது. இரா. நடராசனின் 'ஆயிஷா' சிறு வெளியீடாக வந்து ஆசிரியர் கையிலிருந்து ஆசிரியர் கைக்கும் மாணவர் கைக்கும் பரவியது, அதையே மறுபடியும் நிரூபித்தது.

வாங்கியாயிற்று, இனி முதல் தாளில் என்ன எழுதுவது? சிரஞ்சீவி என்றும் சௌபாக்கியவதி என்றும் தொடங்கி ஆசீர்வாதம் கூறுவது நம் பழைய மரபு. அதில் அழகு உண்டு. அதன் கீழே, நன்றாகப் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்ற வரியைச் சேர்க்காமல் விடுவது உத்தமம். பெயர், ஊர், தேதி, கொடுப்பவரின் கையெழுத்து இவற்றோடு, இந்தப் புத்தகத்தை உனக்கென்று ஏன் எடுத்தேன் என்று ஒரு வரி எழுதினால், அந்த வரியை அந்தப் பிள்ளை பல வருஷங்களுக்குப் பிறகும் எடுத்துப் பார்க்கும். கொடுத்த மறுவாரம் தொலைபேசியில் "படிச்சு முடிச்சிட்டியா?" என்று விசாரிப்பது, பரிசை வீட்டுப்பாடமாக்கிவிடும். படிக்காமல் அலமாரியில் கிடந்தாலும் கிடக்கட்டும். சிறு வயதில் பாடப் புத்தகத்துக்கு வெளியே எதையும் படிக்க விருப்பமில்லாதிருந்த காந்தியடிகள், தகப்பனார் வாங்கி வைத்திருந்த சிரவணனின் பித்ருபக்தி நாடகம் தற்செயலாகக் கண்ணில் பட்டு, அதை ஆழ்ந்த ஈடுபாட்டோடு படித்ததாகச் 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். யாரும் அதை அவர் கையில் கொடுக்கவில்லை; வீட்டில் இருந்தது, அவ்வளவே. ஆகையால் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் தங்களுக்கும் வாங்கிப் படித்து, எட்டும் இடத்தில் வைக்கட்டும்.

வருகிற தை மாசம் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்தால் கூட அழைத்துப் போங்கள். நுழைவாயிலிலேயே ஒரு தொகையைக் கையில் கொடுத்து, இன்ன இடத்தில் இன்ன நேரத்துக்கு வந்து சேர் என்று மட்டும் சொல்லித் தனியே அனுப்புங்கள். என்ன வாங்கி வந்தாலும், அது பேய்க் கதையானாலும் காமிக்ஸானாலும் கிரிக்கெட் வீரர் வரலாறானாலும், முகம் சுளிக்காமல் வாங்கிப் பார்த்து, இரண்டு பக்கம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த புத்தகத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.